பின்வரிசையில் நின்ற பேரிசைஞன்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் இயற்பியல்

மெல்லிசைக் கச்சேரி மேடை ஒன்றைக் கண்முன் கொண்டு வாருங்கள். நடுவில் பாடகர். அவருக்குப் பக்கத்தில் கீபோர்டு. மேடையின் ஓரத்தில், விளக்கு வெளிச்சம் பாதி விழுந்தும் பாதி விழாமலும் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர்தான் பேஸ் கிடார் வாசிப்பவர். குழுவினரை அறிமுகம் செய்யும்போது அவர் பெயர் கடைசியில் வரும். சில நாட்களில் வராமலே போய்விடும். ஆனால் அவர் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டால் பாட்டு தரையில் கால் பாவாமல் தள்ளாடுவதைக் காதுள்ள எவரும் உணர்வர்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் தாய்மாமன் திருவொற்றியூரில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். பள்ளி நாள் தொட்டு விடுமுறைகளில் அவருடன் பெட்டி தூக்கி வருகிறேன். அம்மன் கோயில் திருவிழாவோ, மஞ்சள் நீராட்டோ, கானா கச்சேரியோ, எதுவாயினும் மாமா முதலில் சரிபார்ப்பது பேஸ் பெட்டியைத்தான். அப்படி ஒரு நாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பேஸ் வாசிப்பவர் எவராவது குழுவுக்குத் தலைவராக இருந்து, தாமே இசையமைத்துப் பெயர் பெற்றதுண்டா? தேடிய வழியில் கிடைத்தவர்தான் சார்லஸ் மிங்கஸ்.

1922ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் நோகாலஸ் என்னும் எல்லையோர ஊரில் மிங்கஸ் பிறந்தார். தந்தை இராணுவத்தில் சார்ஜெண்ட். பிறந்த சில மாதங்களிலேயே தாயை இழந்த குழந்தை, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் சிற்றன்னையின் பராமரிப்பில் வளர்ந்தது. வீட்டில் தேவாலயப் பாட்டுக்கு மட்டுமே இடம். கைதட்டலும் கூக்குரலும் கலந்த அந்தக் கறுப்பின மக்களின் வழிபாட்டு இசை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எட்டு வயது வாக்கில் வானொலியில் டியூக் எலிங்டன் குழுவின் இசையைக் கேட்டார். அன்று முதல் எலிங்டனே அவருக்கு மானசீகக் குரு.

சிறுவன் மிங்கஸ் முதலில் கற்றது டிராம்போன், பிறகு செல்லோ. மேலைச் செவ்வியல் இசைக் குழுவில் செல்லோ வாசிக்க வேண்டும் என்பதே அவர் கனவு. ஆனால் அக்காலத்தில் அத்தகைய குழுக்களின் கதவு கறுப்பினத்தவருக்குத் திறக்கவில்லை. உடன் படித்த நண்பர் பட்டி காலெட் என்பவர், செல்லோவை வைத்துவிட்டு டபுள் பேஸ் எடுத்துக்கொள், அதிலாவது பிழைக்க வழியுண்டு என்று அறிவுரை கூறினார். நண்பர் சொன்னது நன்மைக்குத்தான். இருந்தாலும், விரும்பியதை விட்டு, விட்ட இடத்தில் போய் நில் என்பது எவ்வளவு கசப்பான அறிவுரை! நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, இவனை எதற்குக் கல்லூரிக்கு அனுப்புகிறாய், தொழிற்பயிற்சியில் சேர்த்துவிடு என்று என் அப்பாவிடம் சொன்னவர்களும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள்.

டபுள் பேஸ் என்பது ஏறத்தாழ ஆள் உயரம் உள்ள பிடில். பெரும்பாலும் நின்றுகொண்டே வாசிப்பார்கள். நான்கு தந்திகள், அவற்றில் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. காற்றில் அதன் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். இயற்பியல் மாணவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இராயபுரத்தில் இரவு நேரத்தில் கப்பலின் ஊதல் கேட்டிருப்பீர்களே, பெரிய கப்பல்களுக்கு அந்த ஒலி 70 முதல் 200 ஹெர்ட்சுக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. தாழ்ந்த ஒலி நெடுந்தொலைவு செல்லும். ஆனால் அருகில் இருப்பவர் காதுக்கோ தாழ்ந்த ஒலி எளிதில் எட்டுவதில்லை. மற்ற கருவிகள் அதை மூடிவிடுகின்றன. பேஸ் வாசிப்பவரின் தலைவிதியே இதில் அடங்கியிருக்கிறது.

மிங்கஸ் அந்த விதியை ஏற்கவில்லை. நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவில் முன்பு பேஸ் வாசித்த ஹெர்மன் ரைன்ஷாகன் என்பவரிடம் ஐந்து ஆண்டுகள் பயின்றார். பதின்ம வயது முடியும் முன்னரே பெரிய குழுவுக்கான இசை எழுதத் தொடங்கினார். லூயி ஆம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன் ஆகியோரின் குழுக்களில் ஊர் ஊராகச் சுற்றினார். இவ்வளவு திறமை இருந்தும் 1950 வாக்கில் பிழைப்புக்காக அஞ்சலகத்தில் வேலை பார்த்தார். பின்னர் நியூயார்க் சென்று, 1952இல் தாள வாத்தியக் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து 'டெபியூ' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். முதலாளிகளின் தயவை எதிர்பாராமல் கலைஞர்களே நடத்திய நிறுவனம் அது.

இங்கே ஒரு சுவையான நிகழ்ச்சி. 1953 மே 15ஆம் நாள் கனடாவின் டொரண்டோ நகரில், மாசி மண்டபத்தில் ஒரு கச்சேரி. சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி, பட் பவல், மேக்ஸ் ரோச், மிங்கஸ் என ஐந்து மேதைகள் ஒரே மேடையில். அன்று பெரிய குத்துச்சண்டைப் போட்டி ஒன்றும் நடந்ததால் மண்டபம் நிறையவில்லை! ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் பேஸ் சரியாகக் கேட்கவில்லை. மிங்கஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், தம் பகுதியைத் தாமே மறுபடியும் வாசித்து அதன்மேல் ஏற்றினார். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார்.

மானசீகக் குருவான எலிங்டனின் குழுவில் அதே ஆண்டில் இடம் கிடைத்தது. சக கலைஞர் ஒருவருடன் மூண்ட சண்டையால் சில நாட்களிலேயே அந்த இடம் பறிபோயிற்று. மிங்கஸின் கோபம் ஊரறிந்தது. 1962இல் டவுன் ஹால் கச்சேரிக்கான ஆயத்தத்தின்போது, தம் குழுவின் டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரை முகத்தில் அறைந்து பல்லை உடைத்தார். ஊதுகருவி வாசிப்பவனுக்குப் பல் என்பது பிழைப்பு அல்லவா? மேதை என்பதற்காக இதைப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. நெப்பர் பிற்காலத்தில் மீண்டும் அவருடன் வாசித்தார் என்பது நெப்பரின் பெருந்தன்மை.

தம் குழுவுக்கு மிங்கஸ் வைத்த பெயர் 'ஜாஸ் பட்டறை'. எழுதிய தாளை நீட்டுவதை விட, பியானோவில் வாசித்தும் வாயால் பாடியும் கற்றுத் தருவதையே அவர் பெரிதும் விரும்பினார். நம் குருகுல முறையைப் போலத்தான். வீணை குப்பையர் வாழ்ந்த திருவொற்றியூரில், அவருடைய குரு தியாகராசர் வந்து திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடிய திருவொற்றியூரில், இந்த முறையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேடையில் பாதி வாசிப்பில் கச்சேரியை நிறுத்தி, தவறு செய்தவரைத் திட்டிவிட்டுத் தொடங்குவதும் உண்டாம். சாக்சபோன் வாசித்துக்கொண்டிருந்த டானி ரிச்மண்ட் என்ற இளைஞர் தாளக் கருவிக்கு மாறி, பல்லாண்டுகள் மிங்கஸின் வலக்கையாக விளங்கினார்.

1956இல் வந்த 'பித்திகாந்த்ரபஸ் எரெக்டஸ்' என்ற படைப்பின் பெயர் விலங்கியல் நண்பர்களுக்குப் புரியும். நிமிர்ந்து நடந்த ஆதிமனிதனுக்கு அந்நாளில் வழங்கிய அறிவியல் பெயர் அது. நிமிர்ந்தவன் செருக்குற்றுப் பிறரை அடிமையாக்கி, முடிவில் தானே வீழும் கதையைச் சொற்களே இன்றி இசையால் சொன்னார். 1959இல் வெளிவந்த 'மிங்கஸ் ஆ அம்' என்னும் இசைத்தட்டையே புதிதாகக் கேட்பவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பேன். தேவாலயக் கைதட்டலும் அதில் உண்டு. அவ்வாண்டு மறைந்த சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்கு எழுதிய இரங்கல் இசையும் உண்டு. யங் எப்போதும் தட்டையான தொப்பி ஒன்றை அணிவார். அந்தத் தொப்பிக்கு விடை கொடுப்பதாகவே பாட்டின் பெயர் அமைந்திருக்கிறது.

அதே தட்டில் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' என்றொரு பாட்டு. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த மத்திய உயர்நிலைப் பள்ளியில் 9 கறுப்பின மாணவர்கள் சேர்ந்தனர். அவர்கள் உள்ளே நுழையாதபடி ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் காவற்படையை நிறுத்தினார். பிறகு குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பி மாணவர்களைப் பள்ளிக்குள் சேர்த்தார். அந்த ஆளுநரைக் கேலி செய்யும் பாட்டு இது. இசைத்தட்டு நிறுவனம் சொற்களை அனுமதிக்கவில்லை. இசை மட்டும் வெளிவந்தது. மிங்கஸ் விடவில்லை. 1960இல் வேறொரு நிறுவனத்தின் மூலம் சொற்களோடு பாடி வெளியிட்டார்.

இந்தப் பாட்டை என்னால் சாதாரணமாகக் கேட்க இயலவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலைத் தாண்டிய முதல் ஆள் நான். சேர்க்கை நாளன்று, துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் என் அப்பா வாயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே வாங்கப்பா என்று இருமுறை அழைத்தேன்; வரவில்லை. அவரைத் தடுக்க அங்கே துப்பாக்கி எதுவும் இல்லை. எது தடுத்தது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1963இல் 11 பேர் கொண்ட குழுவுக்காக அவர் அமைத்த 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி'யைப் பலரும் அவரது தலைசிறந்த படைப்பு என்பர். எனக்கு அது மூன்றாம் முறைதான் பிடிபட்டது. 1966இல் நியூயார்க்கில் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, பேஸும் இசைத்தாள்களும் தெருவில் கிடக்க நின்றார். ஆவணப்படம் ஒன்றில் அக்காட்சி பதிவாகியுள்ளது. சில ஆண்டுகள் மேடையை விட்டே விலகியிருந்தார். 1971இல் தன்வரலாற்று நூலும் குக்கன்ஹைம் நல்கையும் அவரை மீட்டன.

1977இன் இறுதியில் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் அவரைப் பற்றியது. கையால் தந்தியைத் தொட முடியாத நிலையிலும், ஒலிநாடாவில் வாயால் பாடியே இசையமைத்தார். 1979 சனவரி 5ஆம் நாள் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் 56ஆம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி, மனைவி சூ மிங்கஸ் அவருடைய அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டு வந்து கங்கையில் கரைத்தார். மறைவுக்குப் பின், அவர் விட்டுச்சென்ற தாள்களைப் பட்டியலிட்டபோது 'எபிடாஃப்' என்னும் இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட படைப்பு வெளிப்பட்டது. 1989 சூன் 3ஆம் நாள் நியூயார்க்கில், கந்தர் ஷுல்லர் தலைமையில் முழுமையாக அரங்கேறியது.

கேட்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல்: கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். 41 ஹெர்ட்ஸ் அதற்குள் அடங்காது. மிங்கஸ் இல்லாத மிங்கஸ் இசைதான் மிஞ்சும். நல்ல காதொலிப்பானாவது வேண்டும். பிடித்துப்போனால், அவர் பிறந்த அதே ஆண்டில் பிறந்த ஆஸ்கர் பெட்டிஃபோர்டு, விடுதலைப் போராட்டப் பாடல்களுக்கென்றே பெருங்குழு ஒன்றை நடத்திய சார்லி ஹேடன் ஆகிய பேஸ் கலைஞர்களையும் தேடிக் கேளுங்கள்.

சென்ற ஆடித் திருவிழாவுக்குப் பெட்டி கட்டி முடித்ததும், சோதனைக்கென்று மிங்கஸின் 'ஹெய்ஷியன் ஃபைட் சாங்' போட்டேன். தொடக்கத்தில் பேஸ் மட்டும் தனியே பேசும் பாட்டு அது. ஒயர் சுற்றிக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து போடு என்றார். இரண்டாம் முறை பாதிதான் ஓடியிருக்கும். விழாக் குழுவினர் வந்து, இது என்ன பாட்டு, சாமி புறப்படுகிற நேரத்தில் அம்மன் பாட்டைப் போடுங்கள் என்று அதட்டினார்கள். போட்டுவிட்டோம். மாமாவுக்கு அந்தப் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை. பெட்டி சோதிக்கும் நாட்களில், அந்த ஆள் பாட்டைப் போடு என்கிறார்.