ஏழு விரல்களால் சங்கம் கட்டியவர்

கூலி உழவர் உடலில் படும் காயத்தை விதி என்றும் கவனக்குறைவு என்றும் சொல்லிப் பழகியது உலகம். அக்காயத்தின் வேர் ஆளை அமர்த்தும் முறையிலேயே இருக்கிறது என்பதைத் தம் வாழ்வாலும் போராட்டத்தாலும் காட்டியவர் லாரி இத்லியோங். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கல்விக்கென எழுந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அன்னாரின் வரலாற்றைப் பதிவு செய்வதில் நாம் நிறைவு கொள்கிறோம்.

பிலிப்பைன்ஸ் தீவுகளின் பங்காசினான் மாகாணத்தில் 1913 அக்டோபர் 25 அன்று அவர் பிறந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றது. வழக்கறிஞர் ஆகும் கனவோடு 1929-இல், பதினைந்தாம் வயதில், அமெரிக்கா சென்றார். கல்லூரி வாயில் அவருக்குத் திறக்கவில்லை. கலிபோர்னிய வயல்களும் அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளுமே அவரை ஏற்றன. வேலையில் நேர்ந்த விபத்தில் மூன்று விரல்களை இழந்தார். தோழர்கள் அவரை ஏழு விரலர் என்றே அழைத்தனர்.

அன்றைய வயல் எத்தகையது என்று எண்ணிப் பார்ப்போம். லெட்டூஸ் கீரை வயலில் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்தனர். நாள் முழுதும் குனிந்தே கொத்த வேண்டும். நிமிர்ந்தவன் வேலையை நிறுத்தினான் என்று மேற்பார்வையாளன் தொலைவிலிருந்தே கண்டுகொள்வான். தொழிலாளரின் முதுகெலும்பு தேய்ந்தது. திராட்சை அறுவடையில் பெட்டிக் கணக்கும் கூலியில் சேர்ந்ததால், நீர் குடிக்க நின்றாலும் வருவாய் குறைந்தது. வெயிலிலும் களைப்பிலும் விரைந்து உழைத்தனர். களைத்த கையில்தான் கத்தி பாயும். பூச்சிமருந்து தெளித்த கொடிகளிடையே காப்புடையின்றி நின்றனர். பயணமும் ஆபத்தாகவே இருந்தது. 1963 செப்டம்பர் 17 அன்று சுவாலார் என்னுமிடத்தில், பெஞ்சுகள் பொருத்திய சரக்கு வண்டிமீது இரயில் மோதி 32 உழவுத் தொழிலாளர் மாண்டனர்.

இவற்றைத் தட்டிக்கேட்கச் சட்டத் துணையும் இல்லை. சங்கம் சேரும் உரிமையைக் காக்கும் 1935-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் உழவுத் தொழிலாளரை விலக்கியது; அவ்விலக்கு இன்றளவும் நீங்கவில்லை. குறை சொன்னவன் மறுநாள் வேலை இழந்தான். ஆகவே வலியை மறைத்தே உழைத்தனர்.

இந்த அச்சத்தைப் போக்கும் மருந்து சங்கமே என இத்லியோங் தெளிந்தார். 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ நகரின் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு நடத்திச் சென்றார். அவர்கள் கேட்டது மணிக்கு 1.40 டாலர், பெட்டிக்கு 25 சென்ட். பிலிப்பினோக்கள் நின்றால் மெக்சிகர்களையும், மெக்சிகர்கள் நின்றால் பிலிப்பினோக்களையும் இறக்குவது முதலாளிகளின் பழைய தந்திரம். அதை அறிந்த இத்லியோங், சீசர் சாவேசின் மெக்சிகச் சங்கத்தைத் துணைக்கு அழைத்தார். செப்டம்பர் 16 அன்று அவர்களும் இணைந்தனர். 1966-இல் இரு சங்கங்களும் ஒன்றாயின.

ஐந்தாண்டுப் போராட்டத்தின் பின், 1970 ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கூலி உயர்வோடு பூச்சிமருந்துக் கட்டுப்பாடும் மருத்துவ நிதியும் கிடைத்தன. ஒப்பந்தக்காரனின் இடத்தில் சங்கமே வேலைக்கு ஆள் அனுப்பும் முறை வந்தது. கூலியும் பாதுகாப்பும் ஒரே தாளில் எழுதப்பட்டதே இவ்வெற்றியின் சிறப்பு என நாம் கருதுகிறோம்.

சங்கத்தில் முதிய பிலிப்பினோக்களின் குரல் தாழ்ந்ததாகக் கருதி 1971-இல் இத்லியோங் பொறுப்பிலிருந்து விலகினார். 1948 வரை கலிபோர்னியச் சட்டம் வெள்ளையரோடு கலப்பு மணத்தைத் தடுத்ததால், அம்முதியோரில் பலர் குடும்பமின்றித் தனித்திருந்தனர். அவர்களுக்கென 1974-இல் டெலானோவில் அக்பயானி கிராமம் என்னும் முதியோர் இல்லம் எழுந்தது. 1975-இல் கலிபோர்னியா குட்டைப்பிடிக் களைக்கொத்துக்குத் தடை விதித்தது. இத்லியோங் 1977 பிப்ரவரி 8 அன்று மறைந்தார். வெயிலில் உழைப்போர்க்கு நீரும் நிழலும் தரவேண்டும் என்னும் விதி அம்மாநிலத்தில் 2005-இல்தான் வந்தது.

நம் பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் அலுவலராகவும் அமரும்போது, காயம்பட்ட கூலியாள் ஒருவர் அவர்முன் வந்து நிற்பார். கவனமாக இருந்தாரா என்று கேட்பதோடு நில்லாமல், கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது, நீரும் நிழலும் இருந்தனவா, மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று, எந்த வண்டியில் ஏற்றி வந்தனர் என்றும் அவர்கள் கேட்க வேண்டும். அதுவே இத்லியோங்கிற்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.