கடல் கடந்து கேட்ட பாடல்

1791ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். பிரான்ஸ் நாட்டின் கலே துறைமுகத்தில் காலைத் திருப்பலியில் பங்கேற்றுவிட்டு, ஏழரை மணிக்குக் கப்பல் ஏறினார் ஒருவர். அவருக்கு வயது 58. அதற்குமுன் அவர் கடலைக் கண்டதில்லை. முதல் நான்கு மணிநேரம் காற்றே இல்லை. பிறகு காற்றும் அலையும் பலமாயின. உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் வாந்தியெடுத்துச் சோர்ந்துபோனார்கள். இவரோ கரை சேரும்வரை மேல்தளத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெரிய நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாலை ஐந்து மணியளவில் இங்கிலாந்தின் டோவர் கரையில் இறங்கினார். அவர்தான் இசைமேதை ஜோசப் ஹைடன்.

தம் இசையை இலண்டன் மக்களுக்கு அளிக்கவே அவர் சென்றார். அது சிறப்பாகவே நடந்தது. ஆயினும் அந்தப் பயணத்தில் அவரை மாற்றியது, ஒரு சாதாரண பார்வையாளராக அமர்ந்து அவர் கேட்ட இரண்டு சேர்ந்திசைகள். அவற்றைச் சொல்லுமுன் அவரது இளமையைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

ஹைடன் 1732ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லையை ஒட்டிய ரோராவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்பவர். தாய், ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். குழந்தையின் குரல் இனிமையாக இருந்ததால், ஆறு வயதிலேயே உறவினர் ஒருவர் இசை கற்பிக்க அழைத்துச் சென்றார். எட்டு வயதளவில் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயப் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டார். பெற்றோர் வீட்டில் வாழும் காலம் அத்துடன் முடிந்தது.

பேராலயத்தில் பாடல் நிறையக் கிடைத்தது, சோறுதான் போதவில்லை. நன்றாகப் பாடும் சிறுவர்களைச் செல்வர்கள் தங்கள் வீட்டு விருந்துகளுக்கு அழைப்பார்கள், அங்கே ஏதாவது சாப்பிடலாம் என்பதற்காகவே தாம் அதிகமாகப் பயிற்சி செய்ததாக முதுமையில் அவர் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார். குரல் உடைந்ததும், 1749இல், அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் காசு இல்லை. குடும்பத்தோடு ஒரே அறையில் வாழ்ந்துவந்த ஏழைப் பாடகர் ஒருவர் அவருக்கு இடம் கொடுத்தார். பின்பு ஒழுகும் கூரைக்குக் கீழே ஓர் அறை, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல், ஒரு முதிய இசை ஆசிரியருக்குப் பணிவிடை செய்தபடியே அவரிடம் கற்றல் என்று ஆண்டுகள் போயின.

1761இல் எஸ்டர்ஹாசி என்ற ஹங்கேரி பிரபு குடும்பத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஏறத்தாழ 30 ஆண்டுகள். சீருடை அணிந்து, அரண்மனைப் பணியாளர்களில் ஒருவராக நின்று, இளவரசர் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். ஆண்டின் பெரும்பகுதி வியன்னாவிலிருந்து வெகுதொலைவில், சதுப்பு நிலத்தின் நடுவே கட்டப்பட்ட மாளிகையில் கழிந்தது. தம்மைக் குழப்ப அருகில் யாரும் இல்லாததால்தான் தமக்கென்று ஒரு வழி பிறந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது உண்மையே. எனினும் தனிமை அவரை வாட்டியது என்பதை அவரது கடிதங்கள் மறைக்கவில்லை. அவருக்குக் குழந்தைகள் இல்லை, மணவாழ்விலும் மகிழ்ச்சி இல்லை. அவரது கீழிருந்த கலைஞர்கள் மட்டும் அவரை அன்போடு அப்பா என்று அழைத்தார்கள்.

1790 செப்டம்பரில் இளவரசர் நிக்கொலாஸ் இறந்தார். வாரிசாக வந்தவருக்கு இசையில் ஆர்வமில்லை, இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்கு ஓய்வூதியமும் விடுதலையும் ஒன்றாகக் கிடைத்தன. செய்தி கேட்டு வியன்னாவுக்கு விரைந்து வந்தார் யோகான் பீட்டர் சாலமன். ஜெர்மனியின் போன் நகரில் பிறந்து, இலண்டனில் கச்சேரிகள் நடத்திவந்த வயலின் கலைஞர் அவர். ஒப்பந்தம் முடிந்தது. டிசம்பர் 15ஆம் தேதி புறப்பட்டார்கள்.

இளைய நண்பர் மொசார்ட் கவலைப்பட்டார். உலகம் சுற்றிப் பழகாதவர், மொழியும் அறியாதவர், இந்த வயதில் போகவேண்டுமா என்று கேட்டார். தம் மொழி உலகமெங்கும் புரியும் என்று ஹைடன் பதில் சொன்னதாக அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த நண்பர்கள் மீண்டும் சந்திக்கவில்லை. மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி மொசார்ட் தம் 35ஆம் வயதில் இறந்தபோது ஹைடன் இலண்டனில் இருந்தார்.

வழியில் போன் நகரில் ஒரு சிறு நிகழ்வு. கிறிஸ்மசுக்கு மறுநாள் ஞாயிறு திருப்பலிக்குச் சென்றார். பாடகர் குழு பாடத் தொடங்கியதும் திடுக்கிட்டார். அவர் எழுதிய திருப்பலி இசைதான் அது! யாரோ முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தம் படைப்பு தமக்கு முன்பே ஊர்களைக் கடந்து சென்றிருப்பதை அவர் அன்று தம் காதால் அறிந்தார்.

இலண்டன் அவரை மலைக்க வைத்தது. நகரம் முடிவில்லாமல் பரந்து கிடந்தது. தெருவில் பொருள் விற்பவர்களின் கூச்சல் தாங்கமுடியவில்லை. விலைவாசி மிக அதிகம். மார்ச் 11ஆம் தேதி ஹானோவர் சதுக்க அரங்கில் முதல் கச்சேரி நடந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. அரண்மனைச் சீருடை அணிந்திருந்தவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அதே ஆண்டு சூலையில் முனைவர் பட்டம் வழங்கியது. இந்த வெற்றிகளெல்லாம் பல நூல்களில் உள்ளன.

நாம் வரவேண்டிய இடம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம். 1791 மே, சூன் மாதங்களில் அங்கே ஹாண்டல் விழா நடந்தது. ஹாண்டலும் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர்தான். அங்கேயே வாழ்ந்து, 1759இல் இறந்து, அதே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அவரது நினைவாக 1784இல் தொடங்கிய இவ்விழாவில், 1791ஆம் ஆண்டு பாடுபவர்களும் கருவி இசைப்பவர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்றனர்.

ஹைடன் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவரது அரண்மனை இசைக்குழு 20, 25 பேர் அடங்கியது. ஒரு சிறிய கூடத்தில் சிலருக்காக வாசிக்கும் இசை அது. இங்கே உயர்ந்த கல்தூண்களுக்கு நடுவே, ஆயிரக்கணக்கானோர் கேட்க, ஆயிரம் பேரின் இசை எழுந்தது. ஒலிப்பதிவு இல்லாத காலம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இன்று கைப்பேசியைத் தொட்டால் எந்த நாட்டுப் பாடகர் குழுவும் நம் காதுக்குள் வந்துவிடுகிறது. அன்று ஒரு பேரிசையைக் கேட்கவேண்டுமானால், அது பாடப்படும் இடத்துக்கு ஒருவர் போயே தீரவேண்டும். ஹாண்டலின் இசையை ஏட்டில் படித்தறிவது வேறு, அது நெஞ்சைத் தாக்கும்போது கேட்பது வேறு.

மெசியா என்ற படைப்பின் அல்லேலூயா பாடல் எழுந்தபோது, வழக்கப்படி மன்னரும் மக்களும் எழுந்து நின்றார்கள். ஹைடன் அழுதுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. இலண்டனில் ஹாண்டலைக் கேட்டபோது, தம் கல்வியின் தொடக்கத்துக்கே திரும்பத் தள்ளப்பட்டதுபோல் உணர்ந்ததாக அவர் தம் நண்பர் கார்ப்பானியிடம் ஒப்புக்கொண்டார். ஐரோப்பா முழுவதும் ஆசானாகப் போற்றிய மனிதர், 59 வயதில், மீண்டும் முதல் வகுப்பில் அமரச் சம்மதித்தார். இவரது பெருமைகளிலெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுதான். அத்தனை வெற்றிக்கு நடுவே கேட்கும் காது கெட்டுப்போகாமல் இருப்பது எளிதல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஹைடன் கத்தோலிக்கர். வெஸ்ட்மின்ஸ்டர் ஆங்கிலிக்கன் ஆலயம். இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் சட்டப்படி பொதுவில் திருப்பலி நிறைவேற்ற உரிமை பெற்றதே அந்த 1791ஆம் ஆண்டில்தான். அந்தப் பிளவின் சுவர் எதுவும் அவரது கண்ணீருக்குக் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை.

இரண்டாவது நிகழ்வு மறு ஆண்டு, 1792 சூன் மாதம், இலண்டன் புனித பவுல் பேராலயத்தில். நகரின் அறக்கட்டளைப் பள்ளிகளில் படித்த ஏழைக் குழந்தைகள் ஆண்டுக்கொரு முறை அங்கே ஒன்றுகூடிப் பாடுவார்கள். அன்று 4,000 குழந்தைகள் பாடியதாக ஹைடன் குறித்துவைத்திருக்கிறார். பேராலயத்தின் இசையமைப்பாளர் ஜான் ஜோன்ஸ் என்பவர் அமைத்த மிக எளிய மெட்டு அது. யாரும் கற்றுக்கொள்ளலாம். ஹைடன் அந்த மெட்டைத் தம் குறிப்பேட்டில் எழுதி, தம் வாழ்நாளில் வேறெந்த இசையும் இவ்வளவு ஆழமாகத் தம்மைத் தொட்டதில்லை என்று அதன் கீழே பதிவுசெய்தார். இதே நிகழ்வை 1851இல் கேட்ட பிரெஞ்சு இசைமேதை பெர்லியோசும் கண்கலங்கினார்.

அந்த 4,000 முகங்களில் ஹைடன் யாரைக் கண்டார் என்பதை அவர் எழுதவில்லை. பேராலயத்தில் பாடிவிட்டுப் பசியோடு படுத்த வியன்னாச் சிறுவனை நினைத்திருப்பார் என்று எண்ணாமல் என்னால் இருக்கமுடியவில்லை.

ஹைடன் 1794, 1795 ஆண்டுகளில் மீண்டும் இலண்டன் சென்றார். இம்முறை திரும்பும்போது அவரது பெட்டியில் ஆங்கிலப் பாடல் நூல் ஒன்று இருந்தது. தொடக்கநூல், திருப்பாடல்கள், மில்டனின் காவியம் ஆகியவற்றிலிருந்து, கடவுள் உலகைப் படைத்த வரலாற்றைச் சொல்லும் நூல் அது. ஹாண்டலுக்காக எழுதப்பட்டதாகச் சொல்லி சாலமன் கொடுத்தது. வியன்னாவில் வான் ஸ்வீட்டன் பிரபு அதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். 1796 முதல் 1798 வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், ஹைடன் அதற்கு இசை எழுதினார். வேடமோ நடிப்போ இன்றி, தனிக்குரல்களும் பாடகர் குழுவும் இசைக்கருவிகளும் இணைந்து விவிலிய நிகழ்வைப் பாடும் ஒரட்டோரியோ என்ற வகை. அதன் பெயர் படைப்பு.

இதற்குமுன்னும் அவர் 1775இல் தோபித்து வரலாற்றை ஒரட்டோரியோவாக எழுதியிருந்தார். அதில் இத்தாலிய முறைப்படி தனிப்பாடகர்களுக்கே முதலிடம். புதிய படைப்பிலோ மக்கள் திரள் பாடுகிறது. ஒவ்வொரு படைப்பு நாளின் முடிவிலும் பாடகர் குழு எழுந்து புகழ்கிறது. இலண்டன் தந்த பாடம் எதுவென்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. எழுதிய நாள்களில் தினமும் முழந்தாளிட்டு, இதை முடிக்கும் ஆற்றலைத் தருமாறு இறைவனை வேண்டினார். இசை வராமல் தடுமாறினால் செபமாலையைக் கையில் எடுத்து அறைக்குள் நடந்தபடி சில அருள்நிறை மரியே சொல்வதும், பிறகு எண்ணங்கள் திரும்பி வருவதும் அவருக்குப் பழக்கம். ஆண்டவரின் பெயரால் என்று தொடங்கி, இறைவனுக்குப் புகழ் என்று முடிப்பது அவரது கையெழுத்துப் பிரதிகளின் வழக்கம்.

தொடக்கத்தில் உருவற்ற குழப்பத்தைக் காட்டும் இசை. பிறகு பாடகர் குழு கிட்டத்தட்ட முணுமுணுக்கிறது. ஒளி தோன்றியது என்று சொல்லும் அந்த ஒரு சொல்லில் எல்லாக் குரல்களும் எல்லாக் கருவிகளும் முழு வலிமையோடு வெடிக்கின்றன. அந்த இடத்தை ஹைடன் நெருங்கிய நண்பர்களுக்குக்கூடக் காட்டாமல் மறைத்துவைத்திருந்தார். 1798 ஏப்ரல் 30ஆம் தேதி, வியன்னாவில் ஷ்வார்சன்பர்க் இளவரசரின் மாளிகையில் முதன்முறை அது ஒலித்தபோது, அவையோர் ஆரவாரித்ததில் இசை சில நிமிடங்கள் தொடரமுடியவில்லை. பொதுமக்களுக்கான முதல் அரங்கேற்றம் 1799 மார்ச் 19ஆம் தேதி, அதாவது ஹைடனின் பெயர்கொண்ட புனிதரான யோசேப்பின் திருவிழா அன்று நடைபெற்றது. பின்னர் இசைக்கலைஞர்களின் விதவையர், அனாதைக் குழந்தைகள் ஆகியோருக்கு நிதி திரட்ட அது மீண்டும் மீண்டும் பாடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வடக்கே பால்டிக் கடலில் ரூகன் என்றொரு தீவு. அங்கே பெர்கன் என்ற சிற்றூரின் இசை ஆர்வலர்கள் இதைப் பாடிவிட்டு, 1802இல் ஹைடனுக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள். அவரது பதில் கடிதம் மிக அழகானது. உடலும் மனமும் தளர்ந்து வேலையை விட்டுவிடத் தோன்றிய நாள்களில், உலகில் மகிழ்ச்சியும் மனநிறைவும் உடையோர் வெகு சிலரே, கவலை சுமப்பவர் ஒருவர் உன் உழைப்பில் சில கணங்கள் இளைப்பாறக்கூடும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லும், அதனால்தான் தொடர்ந்து எழுதினேன் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

1808 மார்ச் 27ஆம் தேதி, அவரது 76ஆம் பிறந்தநாளை ஒட்டி, வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் படைப்பு மீண்டும் பாடப்பட்டது. நடத்தியவர் சாலியெரி. நடக்கமுடியாத ஹைடனை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். குளிரில் நடுங்கிய அவருக்கு அருகிலிருந்த பெண்கள் தங்கள் சால்வைகளைப் போர்த்தினார்கள். ஒளி தோன்றும் இடத்தில் மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. முதியவர் கைகளை மேலே உயர்த்தி, அது தம்மிடமிருந்து வந்தது அல்ல, அங்கிருந்து வந்தது என்று காட்டினார். முதல் பகுதி முடிந்ததும் உணர்ச்சி தாங்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. மாணவராக இருந்த பீத்தோவன் அவர் கையை முத்தமிட்டார். வாசலில் நாற்காலியைத் திருப்பச் சொல்லி, கூட்டத்துக்கு ஆசி அளிப்பதுபோல் கைகளை உயர்த்தினார் ஹைடன். தம் இசையை அரங்கில் அமர்ந்து அவர் கேட்டது அதுவே கடைசி.

இலண்டன் காதுகளில் போட்டுவைத்த இன்னொரு விதையும் இருந்தது. அங்கே மக்கள் ஒன்றாக எழுந்து தங்கள் மன்னருக்காகப் பாடுவதைக் கேட்டவர், தம் நாட்டுக்கும் அப்படி ஒரு பாடல் வேண்டும் என்று விரும்பி, 1797இல் பேரரசர் பிரான்சிசுக்காக ஒரு மெட்டை எழுதினார். இன்று ஜெர்மனியின் நாட்டுப்பண்ணாக ஒலிப்பது அதே மெட்டுதான். வெளியூர் போகமுடியாத இறுதி ஆண்டுகளில், அவர் தினமும் பியானோவில் அதை வாசிப்பது வழக்கம்.

1809 மே மாதம் நெப்போலியனின் படைகள் வியன்னாவைக் குண்டுவீசித் தாக்கின. அவரது வீட்டருகே ஒரு குண்டு விழுந்தது. நடுங்கிய பணியாளர்களுக்கு அந்த முதியவரே தைரியம் சொன்னார். நகரம் வீழ்ந்தபின், பிரெஞ்சுப் படை அதிகாரி ஒருவர் அவரைத் தேடி வந்து, படைப்பிலிருந்து மனிதன் படைக்கப்பட்டதைச் சொல்லும் தனிப்பாடலைப் பாடிக் காட்டினார். இருவரும் கண்ணீரோடு தழுவிக்கொண்டார்கள். மே 26ஆம் தேதி ஹைடன் வீட்டாரைக் கூப்பிட்டு, பியானோவில் அமர்ந்து அந்தப் பேரரசர் மெட்டை மூன்று முறை வாசித்தார். மே 31ஆம் தேதி அதிகாலையில் அமைதியாக இறந்தார்.