ஜெயபால் சிங் சரித்திரச் சுருக்கம்

2025-ஆம் வருஷக் கடைசியில் இளைஞர் உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயங்கள் சென்னையிலும் நம் மதுரையிலும் நடைபெற்றதை நேயர்கள் மறந்திரார். தை முதல் நாளில் வாடிவாசலினின்று பாய்ந்து வரும் காளைகளையும், அவற்றின் திமில் பற்றுவோரையும் கண்டு பழகிய அவனியாபுரத்து வாலிபரும், அந்நாட்களில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தை நோக்கிச் சென்றனர். ஆட்டம் கண்டு திரும்பிய நம் மாணாக்கர் பலருக்குத் தியான் சந்தின் பெயர் நன்கு தெரிந்திருந்தது. ஆனால், ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியாவுக்கு முதன்முதல் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்த கோஷ்டியின் தலைவர் யார் என்று நாம் வினவியபோது விடை பகர்ந்தோர் மிகச் சிலரே. அத்தலைவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து மாணவர். மலைநாட்டுக் குடியிற் பிறந்தவர். பெறற்கரிய உத்தியோகம் ஒன்றை ஆட்டத்தின் பொருட்டு இழந்தவர். அவருடைய வரலாற்றை இயன்ற அளவு ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

இக்காலத்து ஜார்க்கண்ட் ராஜ்யத்தில் ராஞ்சி நகருக்குத் தெற்கே குந்தி என்ற ஊர் உளது. அதனையடுத்த தக்ரா என்னும் சிற்றூரில் 1903-ஆம் வருஷம் ஜனவரி 3-ஆம் தேதி ஜெயபால் சிங் பிறந்தார். முண்டா என்னும் ஆதிவாசி இனத்தார் வாழும் நாடு அது. காட்டைத் திருத்தி வயலாக்கிய அம்மக்களின் நிலத்தை ஜமீன்தாரும் வட்டிக் கடைக்காரரும் கவர்ந்துகொள்ளவே, அவர்கள் பிர்சா முண்டாவின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். பிர்சா ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்தது 1900-ஆம் வருஷம். அஃதாவது, நம் சரித்திர நாயகர் பிறப்பதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்னர். அந்தக் கிளர்ச்சியின் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தை இவர் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்க. தந்தையார் பெயர் அம்ரு பாகான். சிறுவர்க்கு இளமையில் பிரமோத் பாகான் என்று பெயர் வழங்கிற்று. ஜெயபால் சிங் என்பது பின்னர் அமைந்தது. ஊர்ப் பிள்ளைகள் யாவரையும் போல் அவரும் மாடு மேய்த்தவர்.

சோட்டா நாகபுரி என்று பெயர் பெற்ற அம்மலைநாட்டிற்கு ஹாக்கி ஆட்டம் மிஷன் பள்ளிக்கூடங்களின் வழியே பரவிற்று. நம் அவனியாபுரத்துச் சிறுவர் கோடைக்காலத்தில் வற்றிய கண்மாயில் கிட்டிப்புள் ஆடுவது எவ்வாறோ, அவ்வாறே அங்குள்ள சிறுவர் வளைந்த மரக்கொம்பை வெட்டிக் கோலாக்கி, அறுவடையான வயலில் பந்தடிப்பர். ஊருக்கு ஊர் பந்தயம் நடக்கும். வென்ற கோஷ்டிக்குப் பரிசு ஒரு கிடாய். பிடித்த காளைக்கு அண்டாவும் வேட்டியும் பரிசு பெற்ற பரம்பரையினராகிய நமக்கு இவ்வழக்கம் விசித்திரமாகத் தோன்றாது.

ராஞ்சியில் எஸ்.பி.ஜி. மிஷன் நடத்திவந்த செயின்ட் பால் பள்ளிக்கூடத்தில் ஜெயபால் சேர்க்கப்பட்டார். நாசரேத்திலும் இடையன்குடியிலும் பணிபுரிந்து தமிழ்நாட்டார்க்கு நன்கு அறிமுகமான அதே மிஷன்தான் இது. அப்பள்ளியின் தலைமைப் பாதிரியாராகிய கானன் காஸ்கிரேவ், இச்சிறுவருடைய கூர்த்த மதியையும் விளையாட்டுத் திறமையையும் கண்டு வியந்து, 1918-ஆம் வருஷம் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். கான்டர்பரியில் செயின்ட் அகஸ்டின் கலாசாலையில் முதலிற் படிப்பு. குருத்துவத்திற்கு ஆயத்தம் செய்யும் கலாசாலை அது. குருவாக வேண்டுமென்று கருதி அனுப்பப்பட்டவர் அவ்வழியில் நில்லாது, 1922-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த செயின்ட் ஜான்ஸ் கலாசாலையிற் புகுந்தார். பொருளாதார சாஸ்திரத்தில் சிறப்புப் பட்டம் பெற்று 1926-இல் வெளிவந்தார்.

ஆக்ஸ்போர்டில் அவர் பெற்ற பெயர் புத்தகத்தினால் மட்டும் வந்ததன்று. ஹாக்கியில் பின்னணியில் நின்று காக்கும் இடம் அவருடையது. எதிரி பந்தைக் கொணர்கையில் விரையாது நின்று, அவன் கருத்தை முன்னறிந்து, தக்க சமயத்தில் கோலை நீட்டிப் பந்தைப் பறித்துத் தம் கட்சியார் கைக்குத் தவறாது அனுப்புவதில் அவர் வல்லவர். கோல் போடுகிறவனையே கூட்டம் கொண்டாடும், காப்பவனைக் கண்டுகொள்ளாது. ஆயினும் ஆக்ஸ்போர்டார் கண்டுகொண்டனர். சர்வகலாசாலைக் கோஷ்டியில் இடம்பெற்றுப் புளூ என்னும் பட்டத்தை ஹாக்கியில் அடைந்த முதல் இந்திய மாணவர் இவரே. பின்னர் ஐ.சி.எஸ். பரீட்சையிலும் தேறி, உத்தியோகத்திற்கு முற்பட்ட பயிற்சிக் காலத்தில் ஆக்ஸ்போர்டிலேயே இருந்தார்.

ஐ.சி.எஸ். என்ற மூன்றெழுத்தின் மகிமையை இக்காலத்து மாணாக்கர் உணர்வது அரிது. அக்காலத்தில் மதுரைக் கலெக்டர் வருகிறாரென்றால் வழியெல்லாம் தோரணம் கட்டுவர். ஒரு ஜில்லாவின் நிலவரியும் நீதியும் போலீசும் அவர் கைக்குள் அடங்கும். முதுமையில் பென்ஷன் நிச்சயம். இந்தியருள் ஆயிரத்தில் ஒருவர்க்கும் கிட்டாத அப்பதவி, மாடு மேய்த்த முண்டாச் சிறுவர்க்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அச்சமயத்திலேதான் 1928-ஆம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயம் குறுக்கிட்டது.

1925-இல் குவாலியரில் தோன்றிய இந்திய ஹாக்கிச் சம்மேளனம், ஆம்ஸ்டர்டாம் நகருக்கு முதன்முதலாகக் கோஷ்டி அனுப்பத் துணிந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் அவர்களை வழியனுப்ப வந்தவர் மூவரே என்பர். இந்த ஆட்டக்காரர்கள் எதைச் சாதிக்கப் போகின்றார்கள் என்று தேசத்தார் ஒருவரும் எண்ணவில்லை. கோஷ்டிக்குத் தலைமை ஏற்குமாறு இங்கிலாந்தில் இருந்த ஜெயபாலுக்கு அழைப்பு வந்தது. அவர் இந்தியா ஆபீசில் விடுமுறை கோரினார். விடுமுறை மறுக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஆஸ்திரேலியர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. 1896-ஆம் வருஷம் ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் பந்தயம் முதன்முதல் நடந்தபோது, மெல்போர்னைச் சேர்ந்த எட்வின் பிளாக் என்பவர் லண்டனில் ஒரு கணக்குப் பரிசோதகர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விடுமுறை பெற்று, சொந்தச் செலவில் ஏதென்ஸ் சென்று, 800 மீட்டர், 1500 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் முதல்வராக வந்தார். ஆஸ்திரேலியாவின் பெருமை மிக்க ஒலிம்பிக் சரித்திரம் அந்த விடுமுறையில்தான் தொடங்கிற்று. ஒரு கம்பெனி முதலாளி அளித்ததை, இந்தியாவை ஆண்ட ஆபீசு அளிக்க மறுத்தது. ஆளப்பட்ட நாட்டார்க்கும் ஆண்ட இனத்தார்க்கும் இருந்த வேற்றுமையை இதிலும் காணலாம் என்பது நமது எண்ணம்.

ஜெயபால் விடுமுறையின்றியே புறப்பட்டார்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். ஆஸ்திரியாவை 6 கோல், பெல்ஜியத்தை 9, டென்மார்க்கை 5, ஸ்விட்சர்லாந்தை 6, இறுதியில் ஹாலந்தை 3 என இந்தியா வென்றது. ஆக 29 கோல்கள். எதிரிகள் போட்டது ஒன்றேனும் இல்லை. அவற்றுள் 14 தியான் சந்த் போட்டவை. கோல் காத்தவர் ரிச்சர்ட் ஆலன். பந்து தம்மிடம் வருவதற்கே அவர் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது எனில் மிகையாகாது. முன்னர் இருமுறை ஒலிம்பிக் ஹாக்கியில் வென்ற பிரிட்டன் அவ்வருஷம் ஆட வரவில்லை. தம் ஆளுகைக்குட்பட்ட தேசத்தாரிடம் தோற்க அஞ்சினரென்பது இந்தியாவில் வழங்கும் பேச்சு.

ஆயின், மே மாதம் 26-ஆம் தேதி இறுதி ஆட்டம் நடந்தபோது தலைவர் மைதானத்தில் இல்லை. தியான் சந்த் காய்ச்சலோடு ஆடினார். பின்னிகர் தலைமை வகித்தார். உத்தியோகத்தையே பணயம் வைத்து வந்த ஜெயபாலோ கோஷ்டியை விட்டு முன்னமே நீங்கியிருந்தார். மானேஜர் ரோஸியரோடு உண்டான பிணக்கே காரணம் என்பர். கோஷ்டியிற் பெரும்பாலோராகிய ஆங்கிலோ இந்தியர் ஆதிவாசி ஒருவர் தமக்குத் தலைவராவதை விரும்பவில்லை என்பாரும் உளர். இரண்டும் கலந்தே இருந்திருக்கக்கூடும். அவர் பொறுத்துக்கொண்டு இறுதி நாள் வரை நின்றிருக்கலாகாதா என்று நமக்கும் தோன்றுவதுண்டு. கோஷ்டித் தலைவன் ஆட்டத்தின் நடுவே நீங்குதல் சிறிய காரியமன்று. அதனை நாம் புகழமாட்டோம். ஆனால் அவமதிப்பை விழுங்கிக்கொண்டு நிற்கும் சுபாவம் அவருக்கு இருந்திருப்பின், விடுமுறை மறுக்கப்பட்டபோதே அறையிற் புகுந்து புத்தகத்தைப் பிரித்திருப்பார். ஒரே சுபாவம் அவரை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுசென்றது. அதுவே அங்கிருந்து வெளியேற்றியும் விட்டது.

பிரயாணம் முடிந்தபின் இந்தியா ஆபீசார் தீர்ப்புக் கூறினர். விடுமுறையின்றிச் சென்ற குற்றத்திற்காக அவர் மேலும் ஒரு வருஷம் பயிற்சி பெறவேண்டும் என்பதே அது. வேறொருவராயின் ஒரு வருஷந்தானே என்று பணிந்திருப்பர். ஜெயபால் பதவியையே துறந்தார். பம்பாயில் வந்திறங்கிய கோஷ்டியை ஆயிரக்கணக்கான ஜனங்கள் வரவேற்றனர். அவ்வரவேற்பிலும் தலைவர்க்குப் பங்கில்லை.

நிற்க. அடுத்த பத்து வருஷம் அவர் பல ஊர்களிற் பல வேலை பார்த்தார். கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம். அங்கேயே மோகன் பகான் சங்கத்தாருக்கு ஹாக்கிக் கோஷ்டி அமைத்துக் கொடுத்ததும் உண்டு. காங்கிரஸ் மகாசபையின் முதல் அக்கிராசனராகிய உமேஷ் சந்திர பானர்ஜியின் பேர்த்தி தாராவை மணந்தார். ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்ற நாட்டிலுள்ள அச்சிமோட்டா கலாசாலையில் ஆசிரியராயிருந்தார். ராய்ப்பூரில் ராஜகுமாரர்கள் கல்விபயிலும் கலாசாலைக்குத் தலைவரானார். பிக்கானீர் சமஸ்தானத்தில் அதிகாரம் வகித்தார். ராஜகுமாரர்களுக்குப் பாடம் சொன்ன இம்முண்டா, சொந்த ஜனங்களைப் பல வருஷம் காணாதவராய் இருந்தார் என்பதையும் மறைத்தல் கூடாது.

ராஞ்சிக்குத் திரும்பியபோது அவர் காண நேர்ந்தது என்ன? காடு சர்க்காரிடத்தும், நிலம் பிறரிடத்தும் இருந்தன. ஆதிவாசிகளோ அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றுகொண்டிருந்தனர். 1939-ஆம் வருஷம் ஜனவரியில் கூடிய ஆதிவாசி மகாசபை அவரைத் தலைவராக்கிற்று. சோட்டா நாகபுரியைப் பீகாரினின்று பிரித்துத் தனி மாகாணமாக்க வேண்டுமென்பது அவர்கள் கோரிக்கை. கோட்டும் தொப்பியும் அணிந்து ஆக்ஸ்போர்டு ஆங்கிலம் பேசிய அவரை ஜனங்கள் பெருந்தலைவர் என்ற பொருளில் மரங் கோம்கே என்றழைத்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் பிரிட்டிஷ் படைக்கு ஆள் திரட்ட உதவியதைத் தேசபக்தர் பலர் குறைகூறினர். அக்குறை முற்றிலும் அடாததன்று.

1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி அவர் நிகழ்த்திய பிரசங்கம் பலராலும் நினைக்கப்படுவது. காட்டான் என்று பிறர் இகழும் சொல்லைத் தமக்கே பெயராக ஏற்றுக்கொண்டு, இத்தேசத்தின் ஆதிக்குடிகள் தாமே என்றும், குடியரசு முறையை ஆதிவாசிகளுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை, அதனை அவர்களிடமிருந்தே கற்கலாம் என்றும் சபையோர் முன்னிலையில் எடுத்துரைத்தார். சபையில் பழங்குடிப் பெண்மணி ஒருவரும் இல்லாத குறையையும் சுட்டினார். மதுவிலக்குப் பற்றிய விதி விவாதத்திற்கு வந்தபோது, அரிசியிற் காய்ச்சும் பானம் தம் ஜனங்களின் தெய்வ வழிபாட்டிலும் நடவுக் கால உழைப்பிலும் இரண்டறக் கலந்தது என்று சொல்லி எதிர்த்தார். இதில் அவரோடு மாறுபடுவோர் நம் கலாசாலையிற் பலர் இருப்பர். ஆயினும், சபை முழுதும் ஒருபுறம் சாய்ந்திருக்கையில் எழுந்து நின்று மறுபுறத்தைச் சொல்லுதற்குப் பின்னணிக் காவலனுக்குரிய நெஞ்சுரம் வேண்டும்.

பின்னர் அவர் ஜார்க்கண்ட் கட்சியை ஸ்தாபித்தார். கட்சியின் சின்னம் சேவல். 1952-ஆம் வருஷத்துத் தேர்தலில் அச்சேவல் பீகார்ச் சட்டசபையில் பிரதான எதிர்க்கட்சியாகக் கூவிற்று. தலைவரும் பார்லிமெண்டில் அமர்ந்தார். ஆனால் ராஜ்ய சீரமைப்புக் கமிஷன் 1955-இல் தனி ராஜ்யக் கோரிக்கையை நிராகரித்தது. கட்சியும் தேர்தலுக்குத் தேர்தல் தேய்ந்தது. 1963-இல் ஜெயபால் அதனைக் காங்கிரசோடு இணைத்துவிட்டார். பின்பற்றியவர்களில் அநேகர் இதனைத் துரோகமெனக் கருதினர். இறுதியாட்டத்துக்கு முன் மறுபடியும் நீங்கிவிட்டார் என்று அவர்கள் நினைத்திருப்பின் அவர்களை நோவதற்கில்லை. பிழை என்று அவரே பின்னர் உணர்ந்ததாகவும் சொல்லுவர்.

1970-ஆம் வருஷம் மார்ச் 20-ஆம் தேதி ஜெயபால் சிங் டில்லியில் காலமானார். முந்திய வருஷத்தில் எழுதிய சுயசரிதம் 2004-ஆம் வருஷந்தான் அச்சேறிற்று. அதற்குள், 2000-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி, பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்ட் தனி ராஜ்யமாகிவிட்டது. ராஞ்சி நகரின் நடுவே அவர் பெயரால் ஒரு விளையாட்டரங்கம் உண்டு. அவர் பிறந்த குந்திப் பக்கத்து ஹேசல் கிராமத்தினின்று நிக்கி பிரதான் என்னும் முண்டாப் பெண் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஹாக்கி ஆடினார். அண்டை ஜில்லாவாகிய சிம்டேகாவில் இன்றும் ஊருக்கு ஊர் பந்தயம் நடக்கின்றது. வென்ற கோஷ்டியார் கிடாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.