நீதிபதி டியூக் ஸ்லேட்டர் – ஒரு முன்வரிசை ஆட்டக்காரரின் கதை

மலர்க் குழுத் தம்பிகள் போன் செய்து, நம்ம காலத்து ஹாஸ்டல் கதை ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். ஹாஸ்டல் கதைகளைப் போன மலரிலேயே மூன்று பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் வேறொரு கல்லூரியின் பழைய மாணவரைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என்னோடு ஆடியவர்களுக்குத் தெரியும், நான் நம் ஹாக்கி டீமில் ஃபுல்பேக். கோப்பை ஜெயித்த வருஷம் நோட்டீஸ் போர்டில் கோல் போட்ட இரண்டு பேர் பெயரைத்தான் எழுதினார்கள். அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், ஒத்துக்கொள்கிறேன். பிறகு சட்டம் படித்து கோர்ட்டு, கேஸ் என்று அலைந்ததில் அதெல்லாம் மறந்து போனது. இரண்டு வருஷம் முன்னால் மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் அயோவா நகரம் போயிருந்தேன். அங்கே பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்கு வெளியே சுவரில் ஒரு பெரிய வெண்கலப் புடைப்புச் சிற்பம். எதிராளிகள் கும்பலாக மோதி நிற்கிறார்கள். அவர்களைத் தடுத்து நிற்கும் ஒரு கறுப்பு இளைஞர் தலையில் மட்டும் ஹெல்மெட் இல்லை. அவர்தான் ஸ்லேட்டர்.

இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்து என்று பெயரே தவிர, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஓடுகிறவனுக்குப் பேரும் புகழும். அவனுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிராளியை நெஞ்சால் முட்டித் தள்ளி, ஓடுகிறவனுக்கு ஒரு சந்து திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த வரிசையில் டேக்கிள் என்ற இடம் ஸ்லேட்டருடையது. ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவை ஒட்டிய எடை.

இயற்பெயர் ஃபிரெட்ரிக் ஸ்லேட்டர். 1898 டிசம்பரில் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் பிறந்தார். டியூக் என்பது வீட்டில் வளர்த்த நாயின் பெயராம்! அது பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டு கடைசிவரை நின்றுவிட்டது. அப்பா மெதடிஸ்ட் சபைப் போதகர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் கிளின்டன் என்ற ஊருக்கு மாற்றலாகி வந்தார். பையன் பள்ளியில் இந்த முரட்டு ஆட்டம் ஆடுவது தெரிந்து, கூடாது என்று தடுத்தார். பையன் சாப்பிட மறுத்துப் பிடிவாதம் பிடித்தான். சில நாளில் அப்பாதான் இறங்கி வந்தார்.

அடுத்தது காசுப் பிரச்சினை. ஷூவும் ஹெல்மெட்டும் பிள்ளைகளே வாங்கிக்கொள்ள வேண்டும். போதகர் சம்பளத்தில் ஏதாவது ஒன்றுதான் முடியும். பையனுக்குப் பாதம் பெரிசு, கடையில் அளவு கிடைக்காது, தனியாகச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். ஷூவே போதும் என்று அவன் சொல்லிவிட்டான். அன்று தொடங்கிய பழக்கம், கல்லூரியிலும் பெரும்பாலும் வெறுந்தலையோடுதான் ஆடினார். இன்றைய தம்பிகள் தயவுசெய்து இதைப் பின்பற்ற வேண்டாம்.

1918-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மாணவர்களுக்கு வகுப்பில் இடம் உண்டு, விடுதியில் கிடையாது. 1946 வரை அந்த நிலைதான். மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் கைதட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் விடுதிக்குப் போவார்கள், இவர் வெளியே வேறு இடம் பார்த்துத் தங்க வேண்டும்.

1921 அக்டோபர் 8. எதிரே நோட்ர டேம், தொடர்ந்து 20 ஆட்டங்கள் ஜெயித்து வந்த அணி. பயிற்சியாளர் புகழ்பெற்ற நூட் ராக்னி. அயோவா 10-7 என்று ஜெயித்தது. அன்று கார்டன் லாக் பந்தோடு ஓட, ஸ்லேட்டர் ஒற்றை ஆளாகப் பல பேரைத் தடுத்து நின்ற காட்சி போட்டோவாகப் பதிவானது. நான் பார்த்த சுவர்ச் சிற்பம் அதுதான். அந்த வருஷம் அயோவா ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை.

1922-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். என்.எஃப்.எல். என்ற தேசிய லீக் தொடங்கி இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அதில் முன்வரிசையில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் இவர். ராக் ஐலண்ட், மில்வாக்கி அணிகளில் ஆடினார், 1926 முதல் சிகாகோ கார்டினல்ஸ். மொத்தம் பத்துப் பருவங்கள். காயம் என்று சொல்லி ஒரு ஆட்டத்திலும் உட்காரவில்லை. தவறவிட்டது ஒன்றே ஒன்று. 1924-ல் கேன்சாஸ் சிட்டி போனபோது, கறுப்பர் இறங்கக் கூடாது என்ற எழுதப்படாத ஏற்பாட்டால் இவரை வெளியே வைத்துவிட்டார்கள். ராக் ஐலண்ட் அன்று தோற்றது. பிறகு அதே அணி ராக் ஐலண்டுக்கு வந்தபோது ஸ்லேட்டர் ஆடினார், ராக் ஐலண்ட் ஜெயித்தது.

இதற்கு நடுவில் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. இலையுதிர்காலத்தில் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு பழையபடி அயோவாவுக்கு, சட்டப் படிப்புக்கு. இப்படியே வருஷக்கணக்காக விட்டு விட்டுப் படித்து 1928-ல் பட்டம் வாங்கினார். மூன்று வருஷம் ஒழுங்காக உட்கார்ந்து படிக்கவே நான் பட்ட பாடு என் பெஞ்ச் நண்பர்களுக்குத் தெரியும்! 1927-ல் அந்த லீக் முழுக்கத் தேடினாலும் கறுப்பின ஆட்டக்காரர் இவர் ஒருவர்தான். அந்தத் தனிமையோடு சேர்த்துத்தான் இந்தப் படிப்பு.

1929 நவம்பர் 28-ஆம் தேதி கார்டினல்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும் ஆட்டம். எர்னி நெவர்ஸ் என்பவர் தனியாகவே 40 புள்ளி எடுத்தார், ஆறு டச்டவுன். முடிவு 40-6. ஒரே ஆட்டத்தில் ஒருவர் எடுத்த புள்ளிகளில் இதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. சாதனைப் புத்தகத்தில் நெவர்ஸ் பெயர் இருக்கிறது. ஆனால் கோட்டை நெருங்கும்போதெல்லாம் அவருக்குச் சந்து திறந்துவிட்டவர் ஸ்லேட்டர் என்று பத்திரிகைகள் அப்போதே எழுதின. என் நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்ததா என்று கேட்காதீர்கள், வந்தது.

1931-ல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்ததுதான் கொடுமை. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. சட்டம் எதுவும் எழுதவில்லை, சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பத்து வருஷம் இவர் முட்டித் திறந்த கதவு இவருக்குப் பின்னாலேயே சாத்தப்பட்டது. 1946-ல் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் வந்துதான் மறுபடி திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஸ்லேட்டர் சிகாகோவில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே, இடம் மறுக்கப்பட்ட பையன்களின் அணிகளுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார்.

1948-ல் சிகாகோ முனிசிபல் கோர்ட்டுக்கு நீதிபதியாகத் தேர்தலில் ஜெயித்தார். அங்கே நீதிபதியையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நகரில் அப்படி ஜெயித்த இரண்டாவது கறுப்பினத்தவர் இவர். 1951-ல் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மன்றம் முதல் பட்டியல் வெளியிட்டபோது, அதில் இருந்த ஒரே கறுப்பினத்தவரும் இவரே. 1960-ல் சுப்பீரியர் கோர்ட்டு. நீதிபதியாக இருக்கும்போதே வயிற்றுப் புற்றுநோயால் 1966 ஆகஸ்ட் 14-ல் காலமானார். வயது 67.

தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2020-ல். செத்து 54 வருஷம் கழித்து! 2021-ல் அயோவா ஸ்டேடியத்தின் ஆடுகளத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மகள் காரில் வளாகத்தைச் சுற்றிக் காட்டினாள். ஒரு உயரமான கட்டிடத்தின் பெயர்ப் பலகையில் ஸ்லேட்டர் ஹால் என்றிருந்தது. நிறுத்தச் சொல்லி, என்ன கட்டிடம் அது என்று கேட்டேன். மாணவர் விடுதி என்றாள்.