மூன்று புரிகளைக் கண்ட அறிஞர்

கோலார்த் தங்கவயலின் ஆழச் சுரங்கங்களில் தொழிலாளரை ஏற்றி இறக்கிய கூண்டு, உருக்குக் கயிற்றில் தொங்கியது. மெல்லிய கம்பிகளைப் புரியாக முறுக்கி, புரிகளைச் சேர்த்து மீண்டும் முறுக்கிய கயிறு அது. தனிக் கம்பிக்கு இல்லாத வலிமை முறுக்கிய கயிற்றுக்கு உண்டு. அத்தகைய கயிறு ஒன்று நம் உடலுக்குள்ளும் இருக்கிறது. அதன் அமைப்பைச் சென்னையில் இருந்துகொண்டே உலகுக்குக் காட்டியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

அவர் 1922 அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். மகன் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, சென்னை மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரைச் சர். சி. வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1949-இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். 1952-இல், முப்பது வயது நிரம்பும் முன்னரே, சென்னைப் பல்கலைக் கழக இயற்பியல் துறைத் தலைவர் ஆனார். துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் அத்துறையை வளர்க்க அவருக்கு வழிவிட்டார்.

அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரிவர விளங்கவில்லை என்பதை எடுத்துரைத்தார். இராமச்சந்திரனுக்கு வேலை கிடைத்துவிட்டது!

கொல்லாஜன் என்பது என்ன? நம் உடல் செல்களால் மட்டும் ஆனதன்று. செல்களுக்கு வெளியே, அவற்றைத் தாங்கிப் பிணைக்கும் நார் வலை ஒன்று உண்டு. தோலின் உறுதி, தசைநாரின் இழுவிசை, எலும்பின் உரம் எல்லாம் இவ்வலையின் கொடை. அவ்வலையின் தலையாய நாரே கொல்லாஜன். உடலின் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே.

அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநார் உள்ளிட்ட மாதிரிகள் கிடைத்தன. கோபிநாத் கர்த்தாவும் அவரும் எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்து ஆராய்ந்தனர். கொல்லாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்பது வழிகாட்டியது. மூன்று சங்கிலிகள் இணைந்து ஓடினால், நடுவில் நெருக்கமான இடத்தில் அமரத்தக்கது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் ஒன்றே. 1954-இல் மூன்று சங்கிலி அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். 1955-இல் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன எனத் திருத்தினர்.

அமைப்பு விளங்கியதும் பயனும் விளங்கிற்று. முறுக்கு உள்ளதால் நார் எளிதில் நீளாது, அறுபடாது. ஒரு கிளைசினின் இடத்தில் பெரிய அமிலம் புகுந்தாலும் முறுக்குக் கெடும். தொட்டால் முறியும் எலும்புடன் குழந்தைகள் பிறப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் எதிர்ப்பும் வந்தது. ரிச், கிரிக் என்னும் அறிஞர் இருவர், சென்னை அமைப்பில் அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். மூன்று புரி என்ற அடிப்படை நிலைத்தது. ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பற்றி அவர்கள் சொன்ன திருத்தமே பின்னர் ஏற்கப்பட்டது. இராமச்சந்திரன் சினந்து ஒதுங்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எக்கோணங்களில் திரும்ப இயலும் என்பதைக் காட்டுகிறது. புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படும் 'இராமச்சந்திரன் வரைபடம்' அதுவே. குறை கூறியவர்களுக்கு இதனினும் சிறந்த விடை ஏது?

1971-இல் அவர் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு வரவில்லை. பார்க்கின்சன் நோயுற்று, 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அதற்குச் சில வாரங்கள் முன்னர், பிப்ரவரி 28-ஆம் நாள், தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டிருந்தன. அவர் அங்கே பணியாற்றியவர் அல்லர். ஆயினும் அவர் கண்ட நாருக்கும் அங்கே உழைத்த தமிழருக்கும் துயரமான உறவு ஒன்று உண்டு. பாறையைத் துளைக்கையில் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிகிறது. அதை விழுங்கும் காவற் செல்கள் மடிகின்றன. அப்புண்ணை ஆற்ற உடல் கொல்லாஜன் நாரை மேன்மேலும் நெய்கிறது. விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தழும்பாகி இறுகுகிறது. சிலிகோசிஸ் என்னும் இந்நோய்க்கு முழுக் குணம் இல்லை. தூசியைத் தடுப்பதே வழி. 1940-களில் தங்கவயலில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

தாங்கும் நாரே இடம் மாறி மிகுந்தால் மூச்சை நெரிக்கும். அது பின்னப்படுவதை வேண்டிய இடத்தில் நிறுத்தும் மருந்தை அறிஞர்கள் இன்றும் தேடுகின்றனர். அத்தேடலுக்கு அடிப்படையாக நிற்பது சென்னையில் கண்ட அம்மூன்று புரிகள். நம்முள் அறிவியல் பயில்வோர் அதைத் தொடர்ந்தால், சுரங்கத்தில் மூச்சை இழந்த நம் முன்னோர்க்குச் செலுத்தும் கடன் அதுவாகும்.