காளான் வரைந்த கரங்கள்

நீல மேற்சட்டை அணிந்து, தோட்டத்தில் புகுந்து முள்ளங்கி தின்னும் முயல்குட்டி பீட்டரை நம்மில் பலர் சிறுவயதிலேயே சந்தித்திருப்போம். அதைப் படைத்த பியாட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943) எழுத்தாளராவதற்கு முன் காளான்களை ஆராய்ந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உயிரியல் மாணவியான நான், அவருடைய கதைகளைவிட அந்த ஆண்டுகளையே பெரிதாக மதிக்கிறேன்.

இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார் பாட்டர். தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இவருக்கோ வீட்டிலேயே பாடம். குடும்பத்தோடு ஸ்காட்லாந்து செல்லும் கோடைக்காலங்களில், காடுகளில் காளான்களைத் தேடித் தேடி வரைந்தார். அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் அல்லர். பெர்த்ஷயர் வட்டாரத்தில் தபால்காரராக இருந்த சார்லஸ் மெக்கின்டோஷ். குடையை அழகாக வரைந்தால் மட்டும் போதாது. அடிப்புற மடிப்புகளும் வெட்டுத் தோற்றமும் இருந்தால்தான் இனம் காண முடியும் என்று அவர் கற்பித்தார். காளான் மாதிரிகள் தபாலில் இலண்டனுக்குப் போகும். பாட்டரின் ஓவியங்கள் பதிலாக வரும். எத்துணை அருமையான கல்வி!

பாட்டர் வரைவதோடு நிற்கவில்லை. காளானின் வித்துத்துகள்களை முளைக்க வைத்து, அவற்றின் வளர்ச்சியை நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவு செய்தார். கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் அதைப் பொருட்படுத்தவில்லை. வேதியியல் அறிஞரான மாமா ஹென்றி ராஸ்கோ ஊக்கமளித்தார். 1897 ஏப்ரல் 1ஆம் நாள் அவருடைய கட்டுரை இலண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பதால், அதை முன்வைத்தவர் ஜார்ஜ் மாசி. மேலும் ஆய்வு தேவை என்ற நிலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அது அச்சேறவே இல்லை. கையெழுத்துப்படியும் இன்றுவரை கிடைக்கவில்லை.

1893இல், காளான் தேடிச் சென்ற அதே டன்கெல்டிலிருந்து, நோயுற்ற சிறுவன் ஒருவனுக்குப் படங்களோடு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதுவே 1902இல் பீட்டர் முயலின் கதையாக வெளிவந்து உலகப் புகழ் தேடித் தந்தது. 1905இல் ஏரி மாவட்டத்தில் பண்ணை வாங்கினார். மறைந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச் சென்றார்.

கதை எழுதி வென்றதால் அந்தப் புறக்கணிப்பு சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் ஆய்வாளரை அறிவியல் இழந்தது இழந்ததுதான். ஆனால், 1967இல் வெளிவந்த ஒரு காளான் கையேட்டில் பாட்டரின் ஓவியங்கள் இடம்பெற்றன. எழுபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த மடிப்பும் தண்டும் நிறமும் அத்தனை துல்லியமாக இருந்தன!

ஆய்வேட்டோடு போராடும் நண்பர்களே, வாயிற்கதவு நம் கையில் இல்லாமல் இருக்கலாம். பார்த்ததைப் பார்த்தபடியே பதிவு செய்யும் நேர்மை நம் கையில்தான் இருக்கிறது.