இருளை விரட்டிய மருந்துக் கடைக்காரர்
மண்ணெண்ணெய் விளக்கைத் தந்த லூகாசேவிச்சின் வாழ்க்கை

அன்று 1853-ம் ஆண்டு ஜூலை மாதம் 31-ந் தேதி. லிவீவ் நகரத்து ஆஸ்பத்திரி. இரவு நேரம்.

ஒரு நோயாளிக்கு உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். விடியும்வரை காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. ஆனால் இருட்டில் எப்படிக் கத்தியைப் பிடிப்பது? மெழுகுவர்த்தி வெளிச்சம் போதாது. காற்று அடித்தால் சுடர் ஆடும்.

அப்போது சில புதிய விளக்குகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அறை பளிச்சென்று ஆயிற்று. சுடர் ஆடவில்லை. டாக்டர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஆபரேஷன் நடந்து முடிந்தது.

அவைதான் மண்ணெண்ணெய் விளக்குகள்! அவற்றை உருவாக்கியவர் ஒரு மருந்துக் கடைச் சிப்பந்தி. பெயர் இக்னாசி லூகாசேவிச். போலந்துக்காரர்.

நம் பாட்டிமார் சிம்னி விளக்கைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, மாலையில் ஏற்றி வைத்தார்களே, அந்த விளக்குக்கு முன்னோடி அதுவே.

ஏழைப் பிள்ளை

லூகாசேவிச் 1822-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி பிறந்தார். ஊர் சதூஷ்நிகி என்ற சிறு கிராமம். அந்தப் பகுதிக்குக் கலீசியா என்று பெயர். அப்போது போலந்து என்று தனி நாடு இல்லை. மூன்று வல்லரசுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கலீசியா ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது.

குடும்பத்தில் வறுமை. 14 வயதில் படிப்பை நிறுத்தினார். மருந்துக் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். வேர்களை இடிப்பது, தைலம் காய்ச்சுவது, நிறுத்துப் பொட்டலம் கட்டுவது, இவைதான் அவர் கற்ற பாடம்.

வாலிபர் ஆனதும் நாட்டு விடுதலை இயக்கத்தில் ரகசியமாகச் சேர்ந்தார். 1846-ம் ஆண்டில் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிறைவாசம். சாட்சியம் போதவில்லை என்று 1847-ம் ஆண்டின் இறுதியில் விடுதலை செய்தார்கள். ஆனால் லிவீவ் நகரத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டளை இட்டார்கள்.

அந்தக் கட்டளைதான் உலகுக்கு நன்மையாக முடிந்தது! அங்கே மிக்கோலாஷ் என்பவரின் பெரிய மருந்துக் கடையில் 1848-ம் ஆண்டில் வேலை கிடைத்தது. பிறகு அனுமதி பெற்று, கிராக்கூவிலும் வியன்னாவிலும் படித்து, 1852-ம் ஆண்டில் பட்டம் வாங்கினார்.

நாற்றம் பிடித்த எண்ணெய்

கலீசியாவின் மலையடிவாரத்தில் நிலத்திலிருந்து கறுப்பான எண்ணெய் ஊறும். கிராமத்தார் அதை வழித்து வண்டி அச்சுக்குத் தடவுவார்கள். மாடுகளின் புண்ணுக்குப் போடுவார்கள். விளக்கில் ஊற்றினால் புகையும் நாற்றமும்தான் மிச்சம்.

அந்த எண்ணெய் மருந்துக் கடைக்கும் வந்தது. லூகாசேவிச்சும், உடன் வேலை பார்த்த யான் ஸே என்பவரும் அதைக் காய்ச்சி வடிக்கத் தொடங்கினார்கள்.

எண்ணெயைச் சூடாக்கினால் அதில் உள்ள பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆவியாகும். முதலில் வருவது மிக இலேசானது. இன்று நாம் பெட்ரோல் என்று சொல்வது அந்த வகைதான். விளக்கில் ஊற்றினால் வெடித்துவிடும்! கடைசியில் தங்குவது கெட்டியானது. அது சரியாக எரியாது. நடுவில் வருவதை மட்டும் பிடித்து, அமிலத்தாலும் காரத்தாலும் கழுவிச் சுத்தப்படுத்தினார்கள். தெளிந்த மண்ணெண்ணெய் கிடைத்தது.

எண்ணெய் கிடைத்தது, அதற்கு ஏற்ற விளக்கு இல்லையே! பிராட்கோவ்ஸ்கி என்ற தகரக் கொல்லரிடம் லூகாசேவிச் போனார். மூடிய எண்ணெய்க் கூடு, திரி, மேலே காற்றை இழுக்கும் குழல் என்று விளக்கு உருவாயிற்று. 1853-ம் ஆண்டில் மருந்துக் கடையின் ஜன்னலில் அது எரிந்தது. சில மாதங்களில் ஆஸ்பத்திரிக்கும் போயிற்று.

கனடாவைச் சேர்ந்த கெஸ்னர் அதற்கு முன்பே நிலக்கரி முதலியவற்றிலிருந்து இப்படி ஓர் எண்ணெய் எடுத்திருந்தார். நிலத்தில் ஊறும் எண்ணெயிலிருந்து எடுத்து, அதற்கென்றே விளக்கும் செய்தது லூகாசேவிச்சின் பெருமை.

உலையும் நெருப்பும்

விளக்கு பரவ வேண்டுமானால் எண்ணெய் நிறைய வேண்டும். 1854-ம் ஆண்டில் பூப்ர்கா என்ற ஊரில், காட்டுக்கு நடுவே எண்ணெய்ச் சுரங்கம் தொடங்கினார். நில உரிமையாளர்கள் இருவர் கூட்டுச் சேர்ந்தார்கள். கிணறு வெட்டுவதுபோல் ஆட்கள் கையாலேயே தோண்டினார்கள். அமெரிக்காவில் டிரேக் புகழ் பெற்ற எண்ணெய்க் கிணற்றை இறக்கியது 1859-ம் ஆண்டில்தான். அதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது பூப்ர்கா!

1856-ம் ஆண்டில் உலாஷோவிட்சே என்ற இடத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை கட்டினார்.

ஆனால் நெருப்போடு விளையாடும் தொழில் அது. 1858-ம் ஆண்டில் லிவீவில் ஸேயின் கடையில் தீப்பிடித்தது. அவருடைய இளம் மனைவியும் மனைவியின் சகோதரியும் மாண்டார்கள். மனம் உடைந்த ஸே எண்ணெய்த் தொழிலையே விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு லூகாசேவிச்சின் ஆலையும் எரிந்து சாம்பலாயிற்று.

வீட்டிலும் துக்கம். 1857-ம் ஆண்டில் அவர் ஹொனராட்டா என்ற பெண்ணை மணந்திருந்தார். பிறந்த ஒரே மகள் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனாள்.

அவர் கலங்கினார், ஆனால் நிற்கவில்லை. மறுபடி ஆலை கட்டினார். பின்னர் கோர்க்கூவ்கா என்ற ஊரில் பெரிய ஆலை எழுப்பி, அங்கேயே குடியேறினார். ஓர் அநாதைப் பெண்ணை மகளாக வளர்த்தார்கள்.

தகப்பன் இக்னாசி

பணம் வந்தது. அதை அவர் பெட்டியில் பூட்டவில்லை. சாலைகள் போட்டார், பாலங்கள் கட்டினார், பள்ளிகளுக்குக் கொடுத்தார். அந்தச் சாலைகளில் கல்லுக்குப் பதில் லூகாசேவிச்சின் காசைத்தான் பரப்பியிருக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்! ஹொனராட்டா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார்.

1866-ம் ஆண்டில் பூப்ர்காவில் தொழிலாளர் சகாய நிதி ஏற்பட்டது. கூலியில் ஒரு சிறு பகுதியைத் தொழிலாளி செலுத்துவார். நோய் வந்தால் உதவி, முதுமையில் ஓய்வூதியம். கிணற்றில் இறங்குபவன் திரும்பி வருவானா என்று மனைவி மக்கள் தவித்த காலம் அது. அந்தக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவர்கள் அவரைத் தகப்பன் இக்னாசி என்றே அழைத்தார்கள்.

1863-ம் ஆண்டில் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் போலந்தில் புரட்சி எழுந்தது. தோற்றுத் தப்பி வந்தவர்களுக்குத் தம் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை கொடுத்துக் காத்தார். தாம் சிறையில் இருந்த நாட்களை அவர் மறக்கவில்லை!

சங்கம் பிறந்தது

தனி மனிதன் எவ்வளவுதான் செய்ய முடியும்? ஊருக்கு ஊர் எண்ணெய்க் கிணறுகள் தோன்றின. ஒருவர் கண்டதை மற்றவர் அறியவில்லை. அமெரிக்க எண்ணெய் வேறு சந்தைக்கு வந்து போட்டி போட்டது.

கலீசியாவின் சட்டசபையில் உறுப்பினரான லூகாசேவிச், எண்ணெய்த் தொழிலுக்காகப் பாடுபட்டார். 1877-ம் ஆண்டில் லிவீவ் நகரத்தில் எண்ணெய்த் தொழில் மாநாடு கூட்டினார். எஞ்சினியர்கள், சுரங்க உரிமையாளர்கள், ஆலைக்காரர்கள் ஆகியோரை ஒன்று சேர்க்கும் பெட்ரோலியச் சங்கம் அவர் முயற்சியால் பிறந்தது. கோர்லிட்சே நகரம் அதன் இருப்பிடம் ஆயிற்று.

1882-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, நிமோனியாக் காய்ச்சலால் அவர் காலமானார். ஸ்ரென்சின் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் போட்ட விதை முளைத்தது. 1885-ம் ஆண்டில் கிணறு துளையிடும் தொழிலைக் கற்பிக்கப் பள்ளி ஏற்பட்டது. 1909-ம் ஆண்டில் கலீசியா சுமார் 20 லட்சம் டன் எண்ணெய் எடுத்தது. உலகில் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அடுத்த இடம் அந்தச் சின்னஞ்சிறு பிரதேசத்துக்குக் கிடைத்தது!

லிவீவ் இன்று உக்ரைன் நாட்டில் இருக்கிறது. பூப்ர்கா போலந்தில் இருக்கிறது. பூப்ர்கா சுரங்கத்தில் இப்போது அவர் பெயரால் பொருட்காட்சிசாலை நடக்கிறது. அவர் 1872-ம் ஆண்டில் நாட்டிய ஞாபகக் கல் அங்கே நிற்கிறது. அவர் காலத்துக் கிணறுகளையும் காணலாம். அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 2022-ம் ஆண்டைப் போலந்து நாடாளுமன்றம் லூகாசேவிச் ஆண்டு என்று அறிவித்துக் கொண்டாடியது.

வண்டி அச்சுக்குத் தடவிய கறுப்பு எண்ணெயில் வெளிச்சம் இருப்பதைக் கண்டார், ஓர் ஏழை மருந்துக் கடைப் பையன். அந்த வெளிச்சத்தைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் ஊருக்கெல்லாம் கொடுத்தார். அதனால்தான் அவர் பெயர் இன்னும் அணையாமல் எரிகிறது.